ஆளுக்கு அரைச் சுற்று

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போன பம்ப், ஒழுகுகிறது என்று திரும்பி வந்திருக்கிறது. நேற்று வொர்க்‌ஷாப் பக்கம் வந்தபோது பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் அதன் முன்னால் குந்திக்கொண்டு, எந்த நட்டை எவ்வளவு முறுக்கினால் சொட்டு நிற்கும் என்று கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். வேலையை விட்டுப் போன கிழவன் வந்து கத்தினால் நன்றாக இருக்காதே என்று வீடு வரை வாயைத் திறக்காமல் நடந்தேன். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் ஃபோர்மேன் பல நாளாகக் கேட்கிறார். இந்தாருங்கள், எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பம்ப் சொட்டத்தான் வேண்டும். சொட்டுவதற்காகத்தான் அதை அப்படிச் செய்தோம். இந்த ஒரு வரியைப் புரியவைக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பழைய நீராவிப் பம்பில் ஒரு பக்கம் நீராவி சிலிண்டர், மறுபக்கம் தண்ணீர் சிலிண்டர். ஒரே தண்டு, முனைக்கொரு பிஸ்டன். நீராவி இதைத் தள்ளும், இது அதைத் தள்ளும், தண்ணீர் மேலே ஏறும். நல்ல தண்ணீராக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்பாங் பக்கத்து ஈயச் சுரங்கமான ஈயலம்பத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஈயம் தோண்டிய பள்ளத்தில் ஊறுவது மணலும் சேறும் கலந்த குழம்பு. அந்த மணல் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் புகுந்து அரைத்துத் தள்ளிவிடும். சுவர் தேய்ந்துபோனால் பிஸ்டன் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும், தண்ணீர் அதன் ஓரமாகவே நழுவித் திரும்பி வந்துவிடும். வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தெரியும். சத்தம் வரும், தண்டு ஆடும், பாய்லரில் விறகு எரியும். பள்ளத்துத் தண்ணீர் மட்டும் குறையாது. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்த்து மூடுவதற்குள் பள்ளம் நிரம்பிவிடும்.

இதற்கு மாற்றாகத்தான் நாங்கள் பிளஞ்சர் போட்டோம். நாங்கள் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ளவில்லை. சீமையில் ஏற்கெனவே இருந்ததுதான். இந்த ஊர்ச் சேற்றுக்கு ஏற்ற மாதிரி அளவுகளை மாற்றி வார்த்தோம். சிலிண்டர் சுவரைத் தொடாத ஒரு நீள உருளை, அதுதான் பிளஞ்சர். சுவரைத் தொடாததால் மணல் எதையும் தேய்க்க முடியாது. உருளை சிலிண்டருக்குள் நுழையும் வாயில் மட்டும் கொழுப்புத் தடவிய சணல் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் கிளாண்ட் என்ற வளையத்தை வைத்து இரண்டு நட்டுகளால் அழுத்துவோம். ஒழுகினால் அங்கே ஒழுகும், கண்ணுக்கு முன்னால். பம்பைப் பிரிக்க வேண்டாம், ஓடும்போதே நட்டைத் தொட்டுச் சரிசெய்யலாம். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் உருளையைக் குளிர்ச்சியாகவும் வழுக்கலாகவும் வைத்திருக்கும். சொட்டு நின்றால் சணல் காயும், காய்ந்த சணல் கருகும், கருகிய சணல் உருளையைக் கவ்விப் பிடிக்கும்.

சொல்லி முடித்தாயிற்று. இவ்வளவுதான் விஷயம். இதில் புரியாதது என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அந்த லம்பம் ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். மோசமான மனிதர் இல்லை. கூலியாகவே வந்து, தானும் சேற்றில் நின்று முதலாளி ஆனவர். அதனால் எதையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு நிம்மதி கிடையாது. பம்பை ஓட்ட அங்கே இரண்டு டிரைவர்கள். பகலுக்கு அந்தோணி, இரவுக்கு முனியாண்டி. அந்தோணி என் தங்கை லூர்தின் புருஷன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் தவுக்கேயிடம் சொல்லி அங்கே சேர்த்துவிட்டேன். லம்பத்து லயத்திலேயே அவர்களுக்கு ஓர் அறை. லூர்துக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பம்ப் ஓடிய முதல் நாள் முனியாண்டி தேங்காய் உடைத்தான். தவுக்கே ஊதுபத்தி கொளுத்தினார். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். நீராவியைத் திறந்தேன். பம்ப் அருமையாக ஓடியது. பழையது இருமி இருமி ஏற்றிய தண்ணீரை இது அலட்சியமாகத் தூக்கி மேலே ஓடையில் கொட்டியது. தவுக்கே அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளாண்டுக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"போச்சோர்," என்றார். ஒழுகுகிறதாம்.

"சொட்டணும் தவுக்கே. அப்பத்தான் நல்லது."

"பழைய பம்ப் ஒழுகவே இல்லையே!"

பழையது உள்ளுக்குள்ளேயே வாளி வாளியாக ஒழுகியது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சந்தையில் கற்ற பாசார் மலாயில் தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் மறுபடி குனிந்து பார்த்து, "போச்சோர்," என்றார்.

அதற்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டது. பம்ப் முனகுகிறது, விறகு இரட்டிப்பாகப் போகிறது, வந்து பார். போய்ப் பார்த்தால் கிளாண்ட் எலும்புபோல் காய்ந்து கிடக்கிறது. நட்டு இரண்டும் இறுகிப்போயிருந்தன. தளர்த்தினேன். சொட்டு வந்தது, முனகல் நின்றது. அந்தோணியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்குடா இப்படி இறுக்கின?"

"நா அரைச் சுத்துதான் மச்சான் திருப்புனேன். ஷிஃப்ட் மாறும்போது காஞ்சு இருக்கணும்லா? இல்லன்னா முனியாண்டி, 'ஒழுவுற பம்ப என் தலையில கட்டிட்டுப் போறியா'ங்கிறான்."

முனியாண்டியைப் பிடித்துக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். "காலையில அந்தோணி அண்ணே வர்றப்ப ஈரமா இருந்தா நல்லாவா இருக்கும்? அரைச் சுத்து. அதுக்கு மேல தொடல, சத்தியமா."

அங்கேதான் எனக்கு விளங்கியது. அந்த லம்பத்தில் ஒரு மரியாதை இருந்தது. பாய்லர் ஆகட்டும், பம்ப் ஆகட்டும், அடுத்தவன் கையில் கொடுக்கும்போது துடைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். பழைய பம்புக்கு அது பொருந்தியது. புதுப் பம்புக்கு அதுவே எமன். ஒவ்வொருவனும் மரியாதைக்காக அரைச் சுற்று திருப்ப, காலையில் அரை, மாலையில் அரை என்று கிளாண்ட் கழுத்தை நெரித்துக்கொண்டே போயிற்று. யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவன் சோம்பேறியாக இருந்திருந்தால் பம்ப் பிழைத்திருக்கும்.

சரி என்று ஒரு யோசனை செய்தேன். காலி பால் டின் ஒன்றைக் கிளாண்டுக்கு அடியில் கம்பியில் தொங்கவிட்டேன். ஷிஃப்ட் மாறும்போது டின்னில் தண்ணீர் இருந்தால்தான் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், காய்ந்த டின்னோடு கொடுத்தால் வாங்காதே என்று இரண்டு பேருக்கும் சொல்லி வைத்தேன். பெருமையாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அடுத்த தடவை போனபோது டின் ததும்பிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகக் கிளாண்டில் கையை வைத்தேன். சுட்டுவிட்டது. கை கொப்பளித்துப்போனது. பாவிகள், நட்டை இறுக்கிக் காயவைத்துவிட்டு, டின்னில் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிவைத்திருக்கிறார்கள்! கிளாண்டும் காய்ந்திருக்க வேண்டும், டின்னும் நிறைந்திருக்க வேண்டும், எல்லாருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அந்தோணி, "கோவப்படாத மச்சான், டின்னு நிறைஞ்சுதானே இருக்கு," என்றான். என் தங்கையின் முகத்துக்காக அவனை விட்டேன். நட்டை மறுபடி தளர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

தவுக்கேயின் பொறுமையும் தீர்ந்துகொண்டிருந்தது. புதுப் பம்ப் ஒழுகுகிறது, முனகுகிறது, விறகைத் தின்கிறது. பழைய பம்பை இன்னும் தூக்கிப் போடாமல் ஷெட்டில் வைத்திருந்தார். பகலில்தான் பம்ப் அதிகம் முனகுகிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தோணியைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை பம்ப் நின்றால் நீ வேண்டாம், உன் மச்சான் செய்த பம்பும் வேண்டாம், அறையைக் காலிசெய்துகொண்டு போ என்று சொல்லிவிட்டார். இந்தச் செய்தியை எனக்கு லூர்துதான் ஆள் சொல்லி அனுப்பினாள். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்பாங்குக்குக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் பிளந்து கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரம் எல்லாம் அருவியாகச் சேறு வழிகிறது. கூலிகள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள். பாதி ஆழத்தில் வெட்டிய ஒரு திட்டில்தான் பம்ப் நின்றது. அதற்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடியதா என்று கேட்டால், ஓடியது. பிரசவ வலி கண்டதுபோல் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்று யோசித்து, அடுத்த தள்ளு தள்ளியது. கிளாண்டிலிருந்து புகை வந்தது. சொட்டு இல்லை. சணல் கருகும் நாற்றம். இரவு ஷிஃப்ட்டுக்கு வர வேண்டிய முனியாண்டியும் மழையைப் பார்த்துப் பதறி ஓடிவந்திருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, நட்டை இன்னும் இறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

"கைய எடுங்கடா!" என்று கத்தினேன்.

"தண்ணி ஏறுது மச்சான்! ஏதோ லூசா இருக்கு, அதான் இழுக்க மாட்டேங்குது!"

தம்பிகளா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பள்ளம் நிரம்புகிறது. எல்லாரும் வேகம், வேகம் என்கிறார்கள். நீராவியை முழுக்கத் திறந்தால் கவ்விக்கொண்டிருக்கும் உருளை அப்படியே இறுகி நின்றுவிடும், அல்லது தண்டு வளையும். நட்டைச் சட்டென்று தளர்த்தினால் கருகிப்போன சணல் எதையும் அடைக்காது, பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், வெறுமனே ஆடும். நிறுத்திப் புதுச் சணல் சுற்றலாம் என்றால் அதற்குள் பம்பே முழுகிவிடும். அப்புறம் தவுக்கே யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம், லம்பமே மூடிவிடும். மூன்று வழியும் அடைப்பு. மேலே லயத்தில் என் தங்கை.

நான் நீராவி வால்வைப் பிடித்து மூடத் தொடங்கினேன். முழுக்க இல்லை, பம்ப் ஊர்ந்துகொண்டே இருக்கும் அளவுக்கு. அந்தோணி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் குடையோடு தவுக்கே இறங்கி வந்தார். தண்ணீர் ஏறும் பள்ளத்தில் நான் பம்பை மெதுவாக்கிக்கொண்டிருக்கிறேன்! அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லவா வேண்டும்.

"லு கீலா கா?" என்று அலறினார். உனக்குப் பைத்தியமா என்றார். குடையைப் போட்டுவிட்டு வால்வைத் திறக்கப் பாய்ந்தார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் வால்வு, முன்னால் முதலாளி. "துங்கு, தவுக்கே, துங்கு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பொறுங்கள் என்பதற்கு மேல் எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

உருளையின் சூடு அடங்கும்வரை ஊரவிட்டேன். அந்தச் சிறிது நேரத்தில் தண்ணீர் ஏறியதை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. பிறகு கோணிச் சாக்கு ஒன்றை நனைத்துக் கிளாண்டைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். "முனியாண்டி, வாளியில தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டே இரு. ஒரு நிமிஷம்கூட நிறுத்தாத. அந்தோணி, சாக்கை அமுக்கிப் பிடி." சணலைச் சுற்றி எப்போதும் தண்ணீர் நின்றால், பம்ப் அந்த வழியாக எதை இழுத்தாலும் காற்றை இழுக்காது, தண்ணீரைத்தான் இழுக்கும். குளிர்ச்சியும் ஆகும். அப்புறம் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன்.

பீறிட்டது பாருங்கள்! அந்தோணியின் முகத்தில், முனியாண்டியின் மார்பில், தவுக்கேயின் வெள்ளைச் சட்டையில், எல்லா இடத்திலும் சேற்றுத் தண்ணீர். "போச்சோர்! போச்சோர்!" என்று தவுக்கே குதித்தார். நான் நீராவியைத் திறந்தேன். முனகல் இல்லை. ஒரு தள்ளு, இன்னொன்று, பிறகு முதல் நாள் ஓடிய அதே தாளம். மேலே குழாய் வாயில் தண்ணீர் தடிமனாக விழும் சத்தம் கேட்டது. தவுக்கே குதிப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

மழை ஓய்ந்தபோது தண்ணீர் திட்டைத் தொடவில்லை. அந்தோணி சாக்கை விடாமல் பிடித்திருந்ததில் விரல்கள் விறைத்து, பிரித்துவிட வேண்டியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே பம்பை நிறுத்தி, கருகிய சணலை எடுத்துப் புதிதாகச் சுற்றினேன். உருளையில் நீளமாகக் கீறல்கள்.

தவுக்கே ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் டிரைவர்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார். யார் இறுக்கியது?

"அரைச் சுத்து," என்றான் முனியாண்டி.

"நானும் அரைச் சுத்துதான்," என்றான் அந்தோணி.

தவுக்கே அந்தோணியைப் பார்த்து, "நாளையிலிருந்து நீ வராதே," என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னார். அது இன்னும் மோசம். அந்தோணி ஒன்றும் பேசாமல் நின்றான். வாய் ஓயாமல் பேசுகிறவன் பேசாமல் நின்றதுதான் எனக்கு உறைத்தது. இவன் எதையோ விழுங்குகிறான்.

இன்னும் மாட்டாமல் வைத்திருந்த நட்டுகளைக் கையில் எடுத்தேன். போன தடவை நான் தளர்த்தி வைத்த இடத்தில் மரையில் அரத்தால் ஒரு கோடு போட்டிருந்தேன். அதிலிருந்து இவை போயிருந்த தூரம் மரையில் தடமாகப் பதிந்திருந்தது; நாளுக்கு இரண்டு அரைச் சுற்று என்ற கணக்குக்கு அது அடங்கவில்லை. அதைத் தவுக்கேயிடம் காட்டினேன். "இது ரெண்டு ஆள் கை இல்ல, தவுக்கே. இன்னொரு ஆள் தினமும் திருப்பியிருக்கான்."

முனியாண்டி வானத்தைப் பார்த்தான். அந்தோணி தரையைப் பார்த்தான். தவுக்கே நட்டை வாங்கிச் சேறு படிந்த உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"குவா பூன்," என்றார். நானும்தான்.

தினமும் விடிந்ததும் சுற்றிப் பார்க்க இறங்கி வருவாராம். சொட்டைப் பார்த்தால் மனசு கேட்காதாம். யாருக்கும் தெரியாமல் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிவிட்டுப் போவாராம். கூலியாக இருந்த நாளிலிருந்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகத் தெரியாது என்றார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறார், ஆனால் இரண்டு டிரைவர்களும் பார்த்திருக்கிறார்கள். வேலை போகிறது, அறை போகிறது, பெண்டாட்டிக்கு எந்த நேரமும் வலி வரலாம் என்ற நிலையிலும் அந்தோணி வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டா சொல்லல?" என்று பல்லைக் கடித்தேன்.

"முதலாளி கைய முதலாளிக்கே காட்டச் சொல்றியா, மச்சான்?"

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் அந்த ஸ்பேனரை எடுத்தார். இன்னொரு சின்ன ஸ்பேனரையும் தேடி எடுத்தார். இரண்டையும் கொண்டுவந்து, சற்று முன்னால் வராதே என்று சொன்ன அந்தோணியின் கையில் வைத்தார். பெட்டியில் போட்டுப் பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றார். முனியாண்டிக்குத் தேவையென்றால் நீ வந்து திருப்பு. பிறகு விரலை ஆட்டி, அழுத்தமாகச் சொன்னார்: "குவா மிந்தா பூன், ஜாங்ஙான் காசி."

நானே கேட்டாலும் கொடுக்காதே.

நட்டுக்கு அடியில் பித்தளை வளையம் வைத்து, ஓர் அளவுக்குமேல் இறுக்கவே முடியாதபடி நாம் இப்போது வார்க்கிறோமே, அது அந்த வாரம் நான் வரைந்தது. நீங்கள் அதைப் படத்தில் பார்த்து, நுட்பமான அமைப்பு என்று மெச்சுகிறீர்கள். ஒரு நுட்பமும் இல்லை. நல்ல மனிதர்களின் நல்ல கைகளைப் பம்பிடமிருந்து காப்பாற்ற, இல்லை, பம்பை அவர்களிடமிருந்து காப்பாற்ற வேறு வழி தெரியாமல் செய்தது. பம்பைத் திருத்துகிறவன் அதன் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள், எதைப் பார்த்தால் அவர்கள் கை சும்மா இருக்காது என்று முதலில் விசாரிக்க வேண்டும். நாங்கள் அளந்ததெல்லாம் மணலையும் தண்ணீரையும்.

வளையங்களை மாட்டுவதற்காக ஒரு விடியற்காலை அங்கே போயிருந்தேன். லூர்துக்குப் பெண் பிறந்திருந்த சமயம். அந்தோணி தூக்கம் இல்லாத கண்ணோடு பம்பருகே நின்றான். கிளாண்ட் அழகாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தவுக்கே இறங்கி வந்தார். குனிந்தார். சொட்டைப் பார்த்தார். நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு, என்னைக் கண்டுகொள்ளாமல், அந்தோணியின் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினார்.

"சிகிட் சாஜா," என்றார். கொஞ்சம்தான்.

அந்தோணி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். கொடுக்கவில்லை.